பதினேழாம் இலக்கம் சமுகமளிக்கவில்லை

பாலையடிமுனை வளர்பிறை விளையாட்டுக் கழகத்துக்குக் கனகசிங்கம் பொருளாளரானதற்கு ஒரே காரணம், அவரிடம் காற்றடிக்கும் பம்ப் இருந்ததுதான். சந்தியில் சைக்கிள் கடை வைத்திருந்தார். பந்துக்குக் காற்றடிக்க வருகிற பொடியன்கள் காசு கொடுப்பதில்லை. ஒரு வருஷக் கடைசியில் கணக்குப் பார்த்தால் கழகம் அவருக்கு நூற்றெண்பது ரூபாய் கொடுக்க வேண்டியிருந்தது. அவரையே பொருளாளர் ஆக்கிவிட்டால் கடனைக் கேட்க ஆளிருக்காது என்று அப்போதைய தலைவர் சொன்னார். எல்லோரும் கையை உயர்த்தினார்கள். கனகசிங்கமும் உயர்த்தினார். அவர் ஒருநாளும் பந்தைக் காலால் தொட்டவரில்லை.

இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு வளர்பிறை 'ஏ' பிரிவில் இருந்தது. பன்னிரண்டு கழகங்களில் பத்தாவது இடம். கடைசி இரண்டு கழகங்களையும் 'பீ' பிரிவுக்கு இறக்குவார்கள். மிஞ்சியிருந்தது ஒரு ஆட்டம். அதைச் சமன் செய்தாலே போதும், தப்பிவிடலாம். அந்த ஆட்டம் டிசம்பர் இருபத்தாறாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் நாலு மணிக்கு எங்கள் மைதானத்தில் என்று லீக் குறித்திருந்தது. எதிர்க் கழகம் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரை.

காலை ஒன்பது மணிபோலக் கடல் வந்தது.

எங்கள் மைதானம் கடலுக்கும் ஊருக்கும் நடுவில் இருந்தது. பயிற்சிக்கு வந்து நின்றவர்களில் ஒன்பது பேர் போனார்கள். தலைவரும் செயலாளரும் கோல் கம்பத்துக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களும் போனார்கள். கோல் காப்பாளராக நின்றது கனகசிங்கத்தின் தம்பி. கனகசிங்கத்தின் கடை பெரிய ரோட்டுக்கு வாவிப் பக்கமாக இருந்ததால் அவர் இருந்தார். ஆகவே அன்று முதல் தலைவர், செயலாளர், பொருளாளர் மூன்றும் அவர்தான்.

பெப்ரவரியில் அவர் பள்ளிக்கூட முகாமில் இருந்தபோது கடிதம் வந்தது. வாவிக்கரை உதைபந்தாட்ட லீக்கின் முத்திரை குத்தியிருந்தது.

'தங்களது கழகமானது 26.12.2004 அன்று பி.ப. 4.00 மணிக்கு நடைபெறவிருந்த போட்டிக்கு முன்னறிவித்தலின்றிச் சமுகமளிக்கத் தவறியமையால் மூன்று புள்ளிகள் கழிக்கப்பட்டு, பன்னிரண்டாம் இடத்துக்குத் தள்ளப்பட்டு, 'பீ' பிரிவுக்குத் தரமிறக்கப்படுகின்றது என்பதை இத்தால் அறியத்தருகின்றேன். சமுகமளிக்காமைக்கான தண்டம் இரண்டாயிரம் ரூபாய். மைதானத்தைப் பராமரிக்கத் தவறியமைக்கான தண்டம் ஐந்நூறு ரூபாய்.'

கனகசிங்கம் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். பிழை ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை பஸ் ஏறி மட்டக்களப்புக்குப் போனார்.

லீக் அலுவலகம் ஒரு மாடிக் கட்டிடத்தின் மேல்தட்டில் இருந்தது. தண்ணீர் அவ்வளவு உயரத்துக்கு வரவில்லை. பதிவேடுகள் எல்லாம் பத்திரமாக இருந்தன. தலைவர் வினாயகமூர்த்தி கல்விக் கந்தோரில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். வெள்ளை நீளக்கை சேட்டுப் போட்டு, கழுத்துப் பொத்தானும் பூட்டியிருப்பார். செயலாளர் சுதாகரன் இளம் ஆள். லீக்கின் விதிக்கோவையை மடியில் வைத்துக்கொண்டுதான் கதைப்பார்.

"இருங்க கனகசிங்கம்," என்றார் தலைவர். "நடந்தது எல்லாருக்கும் கவலைதான். ரெண்டு நிமிஷம் மௌனமும் அனுஷ்டிச்சம். கூட்ட அறிக்கையில பதிஞ்சிருக்கு."

"ஓம் ஐயா."

"ஆனா அனர்த்தம் ஒரு பக்கம், ஒழுக்கம் ஒரு பக்கம். அனர்த்தம் எண்டு சொல்லி ஆளாளுக்கு வராம விட்டா லீக் நடத்த ஏலுமா?"

சுதாகரன் விதிக்கோவையை விரித்தார். "போட்டியை ஒத்திவைக்க மூண்டு காரணம்தான் இரிக்கு. மழை, ஊரடங்கு, ஹர்த்தால். கடல் எண்டு ஒண்டும் போடல்ல."

"தம்பி, கடல் எண்டா..."

"அதுகும் இந்த மூண்டுக்கும் நாப்பத்தெட்டு மணித்தியாலத்துக்கு முந்தி எழுத்துமூலம் அறிவிக்க வேணும். நீங்க ஏன் அறிவிக்கல்ல?"

கனகசிங்கம் யோசித்தார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று பழகியவர்.

"எங்களுக்கும் ஆரும் அறிவிக்கல்ல தம்பி," என்றார்.

சுதாகரன் அதைக் குறித்துக்கொண்டார். தலைவர் எழும்பி ஜன்னலருகே போனார். "கடலுக்கு விதி தெரியாது கனகசிங்கம். எங்களுக்குத் தெரியும். அதுதான் கடலுக்கும் லீக்குக்கும் உள்ள வித்தியாசம்," என்றார். சொல்லிவிட்டு அந்த வசனத்தையும் கூட்ட அறிக்கையில் சேர்க்கச் சொன்னார்.

தண்டத்தைத் தவணையில் கட்டலாம் என்று அனுமதி கிடைத்தது. இரக்கத்தின்பேரில்.

அந்த வருஷ நடுவில் வெளிநாட்டு நிறுவனம் ஒன்று கழகங்களை மீளக் கட்டியெழுப்ப வந்தது. பெரிய ஹோட்டல் ஒன்றில் மூன்று நாள் செயலமர்வு. மத்தியானம் இறைச்சிக் கறியோடு சாப்பாடு. கனகசிங்கத்துக்கு ஒரு பையும் ஒரு பேனையும் கழுத்தில் தொங்கவிடப் பெயர் அட்டையும் கொடுத்தார்கள். மேனுகா என்ற பிள்ளை வெள்ளைப் பலகையில் எழுதி எழுதிக் கேட்டது.

"அங்கிள், உங்கட கழகத்திட பலவீனம் என்ன?"

"ஆள் இல்ல பிள்ள."

'மனிதவளப் பற்றாக்குறை' என்று எழுதியது. "பலம்?"

கனகசிங்கம் பையைத் திறந்து மூடினார். "பம்ப் ஒண்டு இரிக்கு," என்றார். 'தொழில்நுட்ப வளம்' என்று எழுதியது.

நிறுவனம் காசாகக் கொடுப்பதில்லை. நானூறு பந்து கொடுத்தது. நாற்பது சோடி சப்பாத்துக் கொடுத்தது, எல்லாம் பதினோராம் அளவு. எங்கள் ஊரில் அந்த அளவுக்குக் கால் உள்ளவர் பாண் பேக்கரி முதலாளி ஒருவர்தான். அவருக்கு அறுபத்துநாலு வயது. மைதானம் இருந்த இடத்தில் ஒரு பெயர்ப்பலகையும் நட்டார்கள். கோல் கம்பங்கள் இல்லாததால் பொடியன்கள் பலகையின் இரண்டு கால்களுக்கும் இடையில் பந்தை அடித்தார்கள்.

ஆள் இல்லை என்று கனகசிங்கம் சொன்னது உண்மை. அதற்குக் காரணம் லீக்கின் பதிவேடு. ஒரு கழகத்துக்கு இருபத்திரண்டு பேரைத்தான் பதியலாம். வளர்பிறையின் இருபத்திரண்டு இடமும் நிறைந்திருந்தன. கடலோடு போன ஒன்பது பேர், வேலைக்குக் கட்டார் போன மூன்று பேர், படுவான்கரையில் கலியாணம் முடித்துக்கொண்டு பந்தை மறந்த இரண்டு பேர். இத்தனை பேரும் பதிவில் இருந்தார்கள். மைதானத்துக்கு வரக்கூடியவர்கள் எட்டுப் பேர்தான். புதிதாக ஒருவரைப் பதிய வேண்டுமானால் பழையவர் ஒருவர் விலக வேண்டும். விலகுவதற்கு அவரே வந்து கையெழுத்து வைக்க வேண்டும்.

எட்டுப் பேரோடு 'பீ' பிரிவில் ஆடினார்கள். பதினொரு ஆட்டத்திலும் தோற்றார்கள். ஒன்றில் பதினாலு கோல். அன்று கோலுக்குள் நின்றது சிவதர்ஷன், பதினேழாம் இலக்கம். அவன் உண்மையில் இடதுபக்க முன்வரிசைக்காரன். ஆனால் மற்றவர்கள் யாரும் கடல் பக்கம் முதுகைக் காட்டி நிற்க ஒத்துக்கொள்ளவில்லை.

கழகம் 'சீ' பிரிவுக்கு இறங்கியது. அடுத்த வருஷம் யுத்தம் மறுபடி மூண்டது. கதிரவெளிப் பக்கமிருந்து சனம் இடம்பெயர்ந்து வந்து பள்ளிக்கூடங்கள் நிறைந்தன. ஊரடங்கு விதிக்கோவையில் இருந்ததால் பெரும்பாலான ஆட்டங்கள் முறைப்படி ஒத்திவைக்கப்பட்டன. ஒத்திவைக்கப்படாத மூன்றிலும் வளர்பிறை தோற்றது. 'சீ' பிரிவுக்குக் கீழே பிரிவு இல்லை. ஆனால் கடைசி இரண்டு கழகங்களை இறக்கத்தான் வேண்டும் என்று விதி இருந்தது. ஆகவே லீக் 'டீ' பிரிவு ஒன்றை உண்டாக்கியது. எங்களோடு இறக்கப்பட்ட மற்றக் கழகம் கலைந்துபோனது. 'டீ' பிரிவில் வளர்பிறை தனியாக இருந்தது.

இரண்டாயிரத்து ஏழு ஜனவரியில் சிவதர்ஷன் வலை வாங்க வாழைச்சேனைக்குப் போனான். போகும்போது வெள்ளிக்கிழமை. திரும்பி வரவில்லை. அவனை ஒரு வான் வண்டியில் ஏற்றியதைக் கண்டதாக ஒருவர் சொன்னார். பிறகு, தான் அப்படி ஒன்றையும் காணவில்லை என்று அவரே சொன்னார்.

'டீ' பிரிவில் ஆட்டம் ஏதும் நடக்கவில்லை. ஆடுவதற்கு எதிர்க் கழகம் இல்லை. வருடச் சந்தா ஆயிரத்தைந்நூறு ரூபாயைக் கனகசிங்கம் கட்டினார். வருஷக் கடைசியில் லீக் எழுதியது: 'பிரிவில் முதலாம் இடம் பெற்றமையால் தங்கள் கழகம் மேலேற்றத்துக்குத் தகுதி பெறுகின்றது. பிரிவில் கடைசி இடம் பெற்றமையால் தரமிறக்கத்துக்கும் தகுதி பெறுகின்றது. இரண்டையும் ஒருங்கே கருத்திற்கொண்டு தங்கள் கழகம் 'டீ' பிரிவிலேயே தொடரும்.' கூடவே வெற்றிக் கிண்ணம் ஒன்றும் அதற்கான விலைச்சிட்டையும் வந்தன. மூன்று வருஷத்தில் மூன்று கிண்ணங்கள் வந்தன.

யுத்தம் முடிந்தது. முடிந்த அடுத்த வருஷம் லீக் ஒரு விழா எடுத்தது. பந்தல் போட்டு, குத்துவிளக்கு ஏற்றி, மாலையெல்லாம் போட்டு முடிந்தபின் வினாயகமூர்த்தி பேசினார்.

"யுத்தத்தாலயும் கடலாலயும் இந்த லீக் பட்ட துன்பம் கொஞ்சமில்ல. எத்தனை போட்டிகள் நடக்காமப் போயிற்று. எத்தனை புள்ளிகள் வழங்கப்படாமப் போயிற்று. அந்த இழப்புகளை யார் ஈடுசெய்வது? இருந்தும் ஒரு நாளாவது எங்கட பதிவேட்டை நாங்க மூடல்ல. இனி மீள்கட்டமைப்பு."

திட்டம் இதுதான்: பாதிக்கப்பட்ட ஒரு கழகத்தை நேரே 'ஏ' பிரிவுக்கு ஏற்றுவார்கள். மைதானம் நிரவ ஒன்றரை லட்சம் ரூபாய் கிடைக்கும். விண்ணப்பிக்கத் தகுதியாக இருந்தது வளர்பிறை மட்டும்தான். ஒரே நிபந்தனை, பதிவேடு சுத்தமாக இருக்க வேண்டும். சுதாகரன் விளக்கினார்: "இருபத்திரண்டு பேரும் ஒண்டில் இருக்க வேணும், இல்லாட்டி முறைப்படி விலகியிருக்க வேணும். மூண்டாவது நிலை ஒண்டு லீக்கில இல்ல."

அதற்குள் ஊரில் பதினைந்து பொடியன்கள் வளர்ந்திருந்தார்கள். கடல் வந்தபோது பத்துப் பன்னிரண்டு வயதாக இருந்தவர்கள். வெறுங்காலோடு மணலில் அந்த நானூறு பந்துகளையும் உதைத்துத் தேய்த்து முடிக்கிற கட்டத்தில் இருந்தார்கள். ஆட்டம் நன்றாகத்தான் இருந்தது. லீக்கில் பதியாததால் அவர்களோடு ஆட ஒரு கழகமும் வராது. நேரே வராமல் படிவத்தில் கையெழுத்து வைத்தாலும் போதும் என்று இம்முறை லீக் இறங்கிவந்தது. கனகசிங்கம் பதினைந்து விலகல் படிவம் வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தார்.

கட்டார்க்காரர் மூவரும் கையெழுத்து வைத்து அனுப்பினார்கள். படுவான்கரை மாப்பிள்ளைகள் இருவரும் வைத்தார்கள். கடலோடு போன ஒன்பது பேருக்கும் மரணச் சான்றிதழின் பிரதி இணைத்து, கையெழுத்தையும் தானே வைத்து, 'விலகுவதற்கான காரணம்' என்ற இடத்தில் 'கடல்' என்று எழுதினார். மூன்றாவது படிவம் தம்பியுடையது. அதிலும் அதே எழுத்தில் 'கடல்' என்று எழுதி அடுத்ததை எடுத்தார்.

சுதாகரன் ஒன்பதையும் திருப்பித் தந்தார். "இப்பிடி எழுத ஏலா. நாலு காரணம்தான் இரிக்கு. தொழில், திருமணம், ஒழுக்கக்கேடு, வேறு கழகம். இதில ஒண்டுக்குச் சரி போடுங்க."

கனகசிங்கம் நாலையும் வாசித்தார். "இதில ஒண்டும் இல்லையே தம்பி."

"அப்ப வேறு கழகம் எண்டு போடுங்க. அதுதான் பிரச்சினையில்லாதது."

"எந்தக் கழகம் எண்டு கேட்டிருக்கே?"

"அத வெறுமையா விடுங்க."

ஒன்பது பேரும் பெயர் தெரியாத வேறு கழகத்துக்குப் போனார்கள். இரண்டு கிழமையில் லீக்கிடமிருந்து கடிதம் வந்தது. இந்த வீரர்களை ஏற்றுக்கொண்ட கழகம் தலைக்கு ஐம்பது ரூபாய் மாற்றுக் கட்டணம் செலுத்தவில்லை, அதன் முகவரியை உடன் அறியத்தரவும் என்று கேட்டிருந்தது. கனகசிங்கம் நானூற்றைம்பது ரூபாயைத் தானே கட்டினார்.

மிஞ்சியது ஒரு படிவம்.

சிவதர்ஷனின் தாய் கண்ணகை, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு சமைக்கிறவர். கனகசிங்கம் போனபோது முற்றத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். படிவத்தை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே வாசித்தார். மூன்று வருஷமாகப் படிவங்களோடு திரிகிறவர். பொலிசில், படை முகாமில், ஆணைக்குழுவில், எந்தக் கந்தோரில் எந்த மேசை என்று அவருக்குத் தெரியும்.

"தம்பி, இதில சாட்சிக்கு ரெண்டு பேர் வேணும். நீங்க ஒரு ஆள்தான் போட்டிரிக்கிறீங்க."

"ஓம் அக்கா. மத்த ஆளையும் பிடிக்கிறன்."

"பிரதி எத்தின?"

"ஒண்டுதான் தந்தவங்க."

"மூண்டு கேப்பாங்க. முதல்ல ஒண்டு எண்டுதான் சொல்லுவாங்க." படிவத்தை மடியில் வைத்தார். "காரணம் எண்ட இடத்தில என்னத்தப் போடப் போறீங்க?"

கனகசிங்கம் கீரையைப் பார்த்தார். "வேறு கழகம் எண்டு போடச் சொல்றாங்க."

"அவன் வேற கழகத்துக்குப் போகமாட்டான்." கண்ணகையின் குரலில் கோபமில்லை. முகவரி சொல்வதுபோலச் சொன்னார். "தேற்றாத்தீவில இருந்து அவனைக் கேட்டு வந்தவங்க. சப்பாத்தும் தாறம் எண்டவங்க. போகல்லத்தானே?"

"ஓம். போகல்ல."

"மரணச் சான்றிதழ் எடுங்கம்மா, காசு தாறம் எண்டு கச்சேரிக் கந்தோரிலயும் சொன்னாங்க. நாலு தரம் சொன்னாங்க. நான் எடுக்கல்ல. அவங்களுக்குக் குடுக்காததை உங்கட லீக்குக்கு எப்பிடித் தம்பி குடுக்கிற?"

கனகசிங்கம் நாலு கீரைத் தண்டை எடுத்து ஆய்ந்தார். பிறகு, "பொடியனுகள் பதினைஞ்சு பேர் நிக்கிறானுகள் அக்கா. இது இல்லாட்டி எல்லாம் நிண்டுபோகும்," என்றார்.

"தெரியும். அவனுகளுக்குச் சோறு போட்டது நான்தானே." படிவத்தை மடிப்புக் கலையாமல் திருப்பித் தந்தார். "விலகுற எண்டா அவன் வந்து விலகட்டும். தேத்தண்ணி ஊத்துறன், குடிச்சிட்டுப் போங்க."

குடித்துவிட்டுக் கடைக்கு வந்தார். கையெழுத்து யாருடையது என்று லீக் பார்ப்பதில்லை என்பதைச் சுதாகரன் ஏற்கெனவே சாடையாகச் சொல்லியிருந்தார். கனகசிங்கம் படிவத்தை மேசையில் விரித்து, செயலமர்வில் கொடுத்த பேனையால் 'சி' என்று எழுதினார். அடுத்த எழுத்தை எழுதக் கை போகவில்லை. தம்பிக்கு எழுதும்போது இப்படி இருக்கவில்லையே என்று யோசித்தார். தம்பியைத் தானே தூக்கி வந்து கிடத்தியது ஞாபகம் வந்தது. படிவத்தைக் கிழித்தார்.

லீக் அலுவலகத்தில் உள்ளதைச் சொன்னார். இருபத்தொருவர் சரி, ஒருவர் விலகவில்லை.

"அவர் இரிக்கிறாரா?" என்று கேட்டார் தலைவர்.

"தெரியாது ஐயா."

"அப்ப இல்லையா?"

"அதுகும் தெரியாது ஐயா."

"அப்ப அவர் எங்கட விதியில எந்த இடத்தில நிக்கிறார்?"

சுதாகரன் விதிக்கோவையை முதற்பக்கத்திலிருந்து புரட்டத் தொடங்கினார். ஒரு மணித்தியாலம் போனது. முப்பத்தோராம் விதியில் நிறுத்தினார். முகம் மலர்ந்தது.

"ஐயா, கிடைச்சிற்று. பதிவிலுள்ள வீரர் போட்டிக்கு வராவிட்டால் மத்தியஸ்தர் அவரது பெயரை மூன்று தரம் அழைக்க வேண்டும். ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். பின்பு 'சமுகமளிக்கவில்லை' எனப் பதிந்து கழகத்திடம் நூறு ரூபாய் தண்டம் அறவிட வேண்டும். லீவுக் கடிதம் தந்தா தண்டம் இல்ல. ஆனா கடிதத்தில வீரர்தான் கையெழுத்து வைக்க வேணும்."

"அப்ப விதிப்படி?"

"விதிப்படி அவர் இரிக்கிறார் ஐயா. வரப் பிந்துறார். அவ்வளவுதான்."

வினாயகமூர்த்திக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. "பாத்தீங்களா கனகசிங்கம்! எங்கட விதியில எல்லாருக்கும் இடம் இரிக்கு," என்றார்.

மைதானம் நிரவப்பட்டது. வளர்பிறை 'ஏ' பிரிவுக்கு ஏறியது. முதல் ஆட்டத்துக்கு மத்தியஸ்தராக வந்தவர் காத்தான்குடிப் பதியுதீன். புடவைக் கடை வைத்திருக்கிறவர், விதியில் ஒரு எழுத்தும் பிசகாதவர். இரண்டு அணியும் வரிசையாக நிற்க, பெயர்களை வாசித்தார். பதினேழாம் இலக்கம் என்றார். சிவதர்ஷன் என்று மூன்று தரம் கூப்பிட்டார். பிறகு மணிக்கூட்டைப் பார்த்தபடி நின்றார். என்ன நடக்கிறதென்று எதிரணிக்கு விளங்கவில்லை. எங்கள் பொடியன்களுக்கு விளங்கியது. ஐந்து நிமிஷம் முடிய, எழுதி, நூறு ரூபாய் வாங்கி, தண்டப் புத்தகத்திலிருந்து ரசீது கிழித்துக் கொடுத்து விசில் ஊதினார்.

அடுத்த ஆட்டத்துக்குக் கண்ணகை வந்தார். குடையைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரத்தில் நின்றார். மூன்று தரம் கூப்பிட்டதைக் கேட்டார். ஐந்து நிமிஷம் முடிந்ததும் கோட்டைத் தாண்டி உள்ளே வந்தார்.

"சேர், தண்டம் நான் கட்டுறன். சீட்டை என்னட்டத் தாங்க."

பதியுதீன் கனகசிங்கத்தைப் பார்த்தார். கனகசிங்கம் தலையை அசைத்தார். கண்ணகை ரசீதை வாங்கி நின்ற இடத்திலேயே வாசித்தார்.

"இதில ஆள் வரல்ல எண்டுதானே போட்டிரிக்கு?"

"ஓம் உம்மா. சமுகமளிக்கவில்லை எண்டுதான்."

"வேற ஒண்டும் போடல்லையே?"

"வேற ஒண்டும் இல்ல. நாங்க கூப்பிட்டம், வரல்ல. அவ்வளவுதான் இரிக்கி."

கண்ணகை அதைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார். ஆட்டத்தைப் பார்க்க நிற்கவில்லை. அந்தப் பருவத்தின் மிச்ச இருபது ஆட்டங்களுக்கும் அப்படித்தான். வெளியூர் ஆட்டமென்றால் பஸ்ஸில் வந்தார்.

வருஷக் கடைசியில் லீக்கின் பொதுக்கூட்டம். வளர்பிறை எட்டாவது இடத்தில் முடித்திருந்தது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை. தண்டத்தைச் சுணங்காமல் கட்டிய கழகம் என்று ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அதன்பின் வினாயகமூர்த்தி ஒரு பிரேரணையை முன்வைத்தார்.

"ஒரு ஏழைத் தாயிட்ட ஒவ்வொரு கிழமையும் நூறு ரூபா வாங்குறது இந்த லீக்கிட மனச்சாட்சியைக் குத்துது. மற்றக் கழகங்களும் ஐஞ்சு நிமிஷம் வெயிலில நிக்கிற எண்டு முறைப்பாடு. ஆகவே மனிதாபிமானத்தின் அடிப்படையில, ரெண்டு வருஷத்துக்கு மேல வராத வீரரை லீக் தானே நீக்கிப்போடும். படிவம் தேவையில்ல. கையெழுத்துத் தேவையில்ல. ஒரு சதமும் செலவில்ல. அந்தத் தாய்க்கு இனி ஒரு கரைச்சலும் இல்ல."

கைதட்டினார்கள். கனகசிங்கம் பதினைந்து வருஷமாகப் பொதுக்கூட்டத்துக்குப் போகிறவர். ஒருநாளும் வாய் திறந்ததில்லை. எழும்பி நின்றார். முன்கதிரையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, அவரை எடுக்காதீங்க. நாங்க தண்டம் கட்டுறம்."

"நீங்க கட்டத் தேவையில்ல எண்டுதானே சொல்றம்?"

"தேவை ஐயா. கட்டுறம்."

தண்டம் வேண்டுமென்று ஒரு கழகம் கேட்டதாக லீக்கின் சரித்திரத்தில் இல்லை. அப்படிக் கேட்க விதியில் இடமுண்டா என்று சுதாகரன் தேடினார். இல்லை என்றும் போட்டிருக்கவில்லை. பின்வரிசையிலிருந்து பதியுதீன் கையை உயர்த்தினார்.

"தலைவர், அந்த ஐஞ்சு நிமிஷம் நிக்கிறதில எனக்கொரு கஷ்டமும் இல்ல. அது விதியிலயும் இரிக்கி," என்றார்.

விதி என்ற சொல் கேட்டதும் வினாயகமூர்த்தி தளர்ந்தார். பிரேரணை மீளப்பெறப்பட்டது. கழகமே விரும்பிக் கேட்பதால் தண்டத்தை நூற்றைம்பது ரூபாயாக உயர்த்தலாம் என்று ஒருவர் முன்மொழிந்தார், இன்னொருவர் ஆமோதித்தார். ஏகமனதாக நிறைவேறியது.

புதிய பருவத்தின் முதல் ஆட்டம் எங்கள் மைதானத்தில், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு. கண்ணகை ரோட்டோரத்தில் நின்றார். தண்டம் ஐம்பது ரூபாய் கூடியதைக் கனகசிங்கம் முன்தினமே போய்ச் சொல்லியிருந்தார். சரி தம்பி என்று மட்டும் சொன்னாராம்.

பதியுதீன் பெயர்களை வாசித்துக்கொண்டு வந்தார். பதினேழாம் இலக்கம், சிவதர்ஷன். சிவதர்ஷன். சிவதர்ஷன். பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார். இரண்டு அணியும் வரிசை கலையாமல் நின்றன. எதிரணிப் பொடியன்களும் இப்போது அசையவில்லை. கடற்காற்றில் மூலைக்கொடிகள் அடித்துக்கொண்டிருந்தன. பெரிய ரோட்டில் ஒரு பஸ் வந்து நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள். கனகசிங்கம் திரும்பிப் பார்த்தார். எங்கள் அணியில் நாலைந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கிழவரும் அவருடைய மகளும். வாவிப் பக்கமாக நடந்து போனார்கள்.

ஐந்து நிமிஷம் முடிந்தது. பதியுதீன் எழுதினார். கண்ணகை காசைக் கொடுத்து, ரசீதில் பெயரையும் திகதியையும் சரிபார்த்து, மடித்து வைத்துக்கொண்டு குடையை விரித்தார்.

விசில் ஊதியது. அன்று ஒன்றுக்கு இரண்டு. தோற்றுத்தான் போனோம்.